முதுமைக்கு ஓர் ஊர்

நுழையும்முன்

மனிதரின் ஆயுள் நீண்டிருக்கிறது. குடும்பத்தின் அளவு சுருங்கியிருக்கிறது. இவ்விரண்டு மாற்றங்களுக்கும் இடையில் நிற்கிறது இன்றைய முதுமை. முதியோர் குடியிருப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்போர் உளர். அதுவே எல்லாவற்றுக்கும் தீர்வு என்போரும் உளர். இவ்விரு பார்வைகளையும் ஆராய்ந்து, முதியோர் வாழிடம் குறித்து நம்மிடையே நிலவும் தவறான கருத்துகளை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

வயது முதிர்ந்த பின்னும் தலை நரைக்காதது எவ்வாறு என வினவியவர்களுக்குப் புலவர் பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றின் 191ஆம் பாடலாக அமைந்துள்ளது. அவர் மருந்து எதனையும் குறிப்பிடவில்லை. தம் மனைவி மக்களின் நற்பண்பு, தம் கருத்தை உணர்ந்து நடக்கும் பணியாளர், முறை தவறாது காக்கும் அரசன், தம் ஊரில் வாழும் சான்றோர் ஆகிய நான்கினையுமே காரணங்களாகக் கூறினார். முதுமை நலம் பெறுவதற்குக் குடும்பம் மட்டும் போதாது. உதவும் கைகளும் நல்லாட்சியும் நல்ல ஊரும் வேண்டும் என்பதே அவ்விடையின் சாரம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த விடையை மனத்தில் இருத்தி, இன்றைய முதுமையைக் காண்போம்.

நீளும் ஆயுள், சுருங்கும் குடும்பம்

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. 2011இல் அது 8.6 விழுக்காடாக உயர்ந்தது. எண்ணிக்கையில் 10 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டிலோ அவ்விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டியது. மறுபுறம், 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டுக்கும் கீழ் இறங்கியுள்ளது. ஐந்தாறு பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட பொறுப்பு இன்று ஒருவர் அல்லது இருவர் தோளில் இறங்கியிருக்கிறது. அந்த ஒருவரும் பணியின் பொருட்டுப் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ வாழக்கூடும். மகளிரும் பணிக்குச் செல்லும் காலம் இது. வீட்டுப் பெண்களின் ஊதியமற்ற உழைப்பே முதியோர் பராமரிப்பாக இருந்த நிலை மாறியது. மாற வேண்டியதும் அதுவே.

இம்மாற்றத்தைக் கண்முன்னே காட்டும் நிலப்பகுதி தாம்பரமும் அதனைச் சூழ்ந்த புறநகர்களும் ஆகும். 1928இல் மருத்துவர் சௌரி முத்து இங்குக் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். திறந்தவெளிக் காற்றே காசநோய்க்கு மருந்து எனக் கருதப்பட்ட காலம் அது. நகர நெரிசலுக்கு அப்பாற்பட்ட தாம்பரம் அதற்கு ஏற்ற இடமாக அமைந்தது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதன் பின்னர் அரசு ஊழியர், ஆசிரியர், தொடர்வண்டித் துறைப் பணியாளர் எனப் பலரும் சேமிப்பைத் திரட்டி மனை வாங்கி வீடு கட்டிய ஊர்களாகக் குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், பெருங்களத்தூர் முதலியன வளர்ந்தன. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று.

அன்று பிள்ளைகளுக்காக எழுப்பிய மாடியறைகள் பலவற்றில் இன்று பூட்டுத் தொங்குகிறது. கீழ்த்தளத்தில் இரண்டு முதியவர்களோ ஒருவர் மட்டுமோ வாழ்கின்றனர். மின்னிறைப்பி பழுதானாலும், கோடையில் தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டுமானாலும், நள்ளிரவில் நெஞ்சு வலித்தாலும் அவர்களே வழி தேட வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்ததை நாம் அறிவோம். மாடிப்படி ஏற இயலாத ஒருவருக்கு அத்தகைய இரவு என்னவாக இருந்திருக்கும் என எண்ணிப் பாருங்கள். ‘சொந்த வீடே பாதுகாப்பு’ என்னும் நம்பிக்கை அவ்விடத்தில் ஆட்டம் காண்கிறது. இந்தச் சூழலில்தான் தென்சென்னைப் புறநகர்களிலும் கோயம்புத்தூரிலும் பிற ஊர்களிலும் முதியோர்க்கான தனிக் குடியிருப்புகள் தோன்றலாயின. அவற்றோடு தவறான கருத்துகளும் தோன்றின.

எல்லாம் ஒன்றல்ல

முதற்பிழை, முதியோர் வாழும் எல்லா இடங்களையும் ‘முதியோர் இல்லம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்குவது. ஆதரவற்ற முதியோர்க்கு உணவும் உறையுளும் கட்டணமின்றி வழங்கும் அறநிலையம் ஒரு வகை. சாவித்திரி வைத்தி என்னும் பெருமாட்டி 1978இல் சென்னையில் தொடங்கிய ‘விச்ராந்தி’ அதற்கு எடுத்துக்காட்டு. ஆதரவற்ற மூதாட்டியர்க்குப் புகலிடமாக அது அமைந்தது. மாதக் கட்டணம் பெற்று அறையும் உணவும் தரும் விடுதி மற்றொரு வகை. படுக்கையில் இருப்போர்க்கும் மறதிநோய் உற்றோர்க்கும் செவிலியர் துணையோடு பராமரிப்பு அளிக்கும் நிலையம் மூன்றாவது வகை.

இம்மூன்றிலிருந்தும் வேறுபட்டது முதியோர் குடியிருப்பு. அது தனித்தனி வீடுகளைக் கொண்டது. வீட்டை விலைக்கு வாங்கலாம். குத்தகைக்கோ வாடகைக்கோ பெறலாம். வழுக்காத தரை, குளியலறையில் கைப்பிடிக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் அகலமான கதவு, படுக்கையருகே அழைப்புமணி ஆகியவை முதுமையை எண்ணி அமைக்கப்படுகின்றன. பொதுச் சமையற்கூடம் உண்டு. விரும்பினால் தம் வீட்டிலேயே சமைத்துக்கொள்ளலாம். கதவின் திறவுகோல் குடியிருப்பவரின் கையில் இருக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் பேசுவது, மாணவர் விடுதியையும் மருத்துவமனையையும் ஒன்றெனக் கருதுவதற்கு ஒப்பாகும்.

கைவிடப்பட்டவரா, தேர்ந்து வந்தவரா?

‘பெற்ற பிள்ளைகள் கைவிட்டதால்தான் அங்குச் சென்றார்’ என்பது அடுத்த கருத்து. இது முற்றிலும் பொய்யன்று. பெற்றோரைச் சுமையாகக் கருதிக் கொண்டுபோய் விட்டவர்கள் உண்டு. சொத்தை எழுதி வாங்கிய பின் முகம் திருப்பியவர்களும் உண்டு. அத்தகையோரைத் தட்டிக் கேட்கவே சட்டம் இயற்றும் நிலை நாட்டுக்கு ஏற்பட்டது. ஆயினும், எல்லாரையும் அவ்வாறே காண்பது நீதியாகாது.

ஓய்வூதியம் பெறும் இணையர் ஒருவர், தம் வீட்டைப் பராமரிக்க இயலாமையால், இசைக் கச்சேரியும் நூலகமும் ஒத்த வயதுத் தோழரும் உள்ள இடத்தைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். மகன் வீட்டில் வாழ்வதினும் மகன் வந்து காணும் தொலைவில் வாழ்வது உறவுக்கு நலம் எனக் கருதும் தாயும் இருக்கலாம். பிள்ளைப்பேறு இல்லாதோர், மணம் புரியாதோர், துணையை இழந்தோர் ஆகியோருக்கும் முதுமை உண்டு என்பதை நம் பேச்சு பெரும்பாலும் மறந்துவிடுகிறது. இவர்கள் அனைவரையும் நோக்கி ‘ஐயோ பாவம்’ என்று சொல்லும்போது, நாம் அவர்கள்மீது இரக்கம் காட்டுவதாக எண்ணுகிறோம். உண்மையில், அவர்களுக்குத் தம் வாழ்வைத் தாமே முடிவு செய்யும் அறிவு உண்டு என்பதை மறுக்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரே கூரையின் கீழ் வாழ்வதாலேயே ஒருவர் பேணப்படுகிறார் என்று கூற இயலாது. பேரக் குழந்தைகள் கைப்பேசியிலும் பெரியவர்கள் அலுவலிலும் மூழ்கியிருக்க, நாள் முழுவதும் பேச ஆளின்றி வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் தாத்தாவும் கைவிடப்பட்டவரே. சாப்பிட்டாயிற்றா என ஒருவரும் கேட்காத வீட்டினும், கேட்பதற்கு நால்வர் உள்ள குடியிருப்பு மேலானது. அன்பை அளக்கும் கோல் முகவரி அன்று.

தெரிந்து தெளிவோம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. 60 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் ஒவ்வொருவரும் மூத்த குடிமகன் என இச்சட்டம் வரையறுக்கிறது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், தம் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். பேணுவார் என்னும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர் பேணத் தவறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரவும் வழியுண்டு. மூத்த குடிமக்களைக் கைவிடுதல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

அடைபட்ட வாழ்வா?

‘அங்கே மணியடித்தால் உண்ண வேண்டும், கேட்டுத்தான் வெளியே செல்ல வேண்டும்’ என்பது மற்றொரு கருத்து. பராமரிப்பு நிலையங்களுக்குப் பொருந்தும் கட்டுப்பாடுகளைக் குடியிருப்புகளின்மேல் ஏற்றிச் சொல்வதால் வரும் பிழை இது. குடியிருப்பில் வாழ்வோர் காலையில் கடைத்தெருவுக்குச் செல்லலாம். மாலையில் மின்தொடர்வண்டியில் ஏறித் தியாகராய நகருக்குப் போகலாம். உறவினர் வந்து தங்கலாம். சமையல், துப்புரவு, மின்பழுது ஆகிய அன்றாடச் சுமைகளைப் பிறர் ஏற்பதால் கிடைக்கும் நேரம் அவர்களுடையது. தனி வீட்டில் விழுந்துவிடுவோமோ என அஞ்சி வாசற்படி இறங்காதிருப்பதும் ஒரு வகைச் சிறையே அன்றோ?

‘அது மரணத்துக்குக் காத்திருக்கும் இடம்’ என்பது இதனோடு இணைந்த கருத்து. முதியோர் ஓரிடத்தில் கூடினால் அங்குச் சோகம் மட்டுமே நிலவும் என்னும் எண்ணம் முதுமையையே நோயாகக் கருதுவதால் எழுகிறது. மருத்துவ உலகம் இவ்வெண்ணத்தை என்றோ கைவிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் வி. செ. நடராசன் முயற்சியால் 1978இல் முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு தொடங்கியது. 1996இல் அங்கு முதியோர் மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பும் அமைந்தது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. முதுமையில் வரும் துன்பங்கள் பலவும் தடுக்கவும் தணிக்கவும் கூடியவை என்பதே இத்துறையின் அடிப்படை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றளவும் தொடரும் ஆய்வு, நல்லுறவுகளே பிற்கால உடல்நலத்துக்கும் மகிழ்ச்சிக்கும் பெருந்துணை எனக் காட்டுகிறது. பிசிராந்தையார் சான்றோர் சூழ்ந்த ஊரைச் சுட்டியதும் இதனாலன்றோ!

விலைக்கு வாங்க இயலாத ஒன்று

இதுவரை கூறியவை, முதியோர் குடியிருப்பை இழிவாகக் காண்போர்க்கு உரிய விடைகள். அதனை மிகையாகப் புகழ்வோரின் பிழைகளையும் இனிக் காண வேண்டும். ‘பணம் கட்டி வீடு வாங்கிவிட்டால் இறுதிவரை கவலையில்லை’ என்பது அவற்றுள் ஒன்று. விளம்பரத்தில் காணும் புல்வெளியும் புன்னகையும் ஒப்பந்தத்தில் இடம்பெறுவதில்லை. மாதப் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும்? நடக்க இயலாத நிலை வந்தால் அங்கேயே பேணுவார்களா, வேறிடம் தேடச் சொல்வார்களா? இணையரில் ஒருவர் மறைந்தால் மற்றவரின் உரிமை என்ன? பின்னர் அவ்வீடு யாரைச் சேரும்? குறிப்பிட்ட வயதுக்குக் கீழுள்ள வாரிசு அதில் குடியேற இயலுமா? கட்டி முடித்தவர் விலகிய பின்னர் உணவுக்கூடத்தையும் செவிலியரையும் நிருவகிப்பவர் யார்? இவற்றை எழுத்தில் பெறாமல் கையொப்பமிடுதல் கூடாது.

மனை விற்பனையை முறைப்படுத்தும் சட்டம் 2016இல் வந்தது. ஓய்வுக்கால இல்லங்கள் எவ்வாறு அமைக்கப்பட வேண்டும், அங்கு வாழ்வோரின் உரிமைகள் யாவை என்பன குறித்து நடுவண் அரசின் வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. நெறிமுறை இருப்பது மட்டும் போதாது. கேள்வி கேட்கும் மக்களும் வேண்டும். முதியோர் வாழிடத்தைப் பற்றிப் பேசுவதையே குடும்பங்கள் வெட்கமாகக் கருதினால், அக்கேள்விகளைக் கேட்பவர் யார்? மறைத்துச் செய்யப்படும் எந்த ஏற்பாட்டிலும் ஏமாற்றுவோர்க்கே இலாபம். இழிவு என்னும் எண்ணத்தை நாம் களைய வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

ஒரே வயதினர் மட்டும் வாழும் இடம் ஊராகுமா என்னும் ஐயமும் புறந்தள்ளத்தக்கதன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1960இல் திறக்கப்பட்ட ‘சன் சிட்டி’ முதியோர்க்கெனவே எழுந்த நகரம்; உலகெங்கும் பலர் அதனை முன்மாதிரியாகக் கொண்டனர். ஆனால், குழந்தைகளின் குரல் கேட்காத தெரு முழுமையான தெரு ஆகாது. உணவாலும் பழக்கத்தாலும் ஒரு சாராரை மட்டுமே ஏற்கும் குடியிருப்பும் ஊர் என்னும் பெயருக்கு உரியதன்று. முதியோரும் ஆதரவற்ற குழந்தைகளும் ஒரே வளாகத்தில் வாழும் ஒருங்கிணைந்த இல்லங்கள் நம் மாநிலத்தில் உள்ளன. தாத்தா பாட்டியை இழந்த குழந்தையும் பேரக் குழந்தையைக் காணாத முதியவரும் ஒருவருக்கொருவர் துணையாகும் அவ்வழி, நம் மண்ணுக்கு ஏற்றது.

செல்வர்க்கு மட்டுமா?

‘இவையெல்லாம் பணம் படைத்தோர்க்கே’ என்னும் கருத்தை மட்டும் எளிதில் தவறு எனத் தள்ள இயலாது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023ஆம் ஆண்டில் மாதம் 1200 ரூபாயாக இருந்தது. அதனை நம்பி வாழும் மூதாட்டிக்குத் தனியார் குடியிருப்பின் வாயிலே எட்டாத் தொலைவு. வீட்டு வேலை செய்தும், கட்டடத்தில் சுமை தூக்கியும், தறி நெய்தும் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, ஓய்வும் இல்லை. முதியோர் குடியிருப்பில் சமைப்பவரும் துடைப்பவரும் பணிவிடை செய்பவரும் நாளை முதுமையடையும்போது எங்கு வாழ்வர்?

2007ஆம் ஆண்டுச் சட்டம், வறிய முதியோர்க்காக மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தைப் படிப்படியாக அமைக்குமாறு மாநில அரசுகளுக்கு வழிகாட்டுகிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், கடலூர் மாவட்டத்தில் ‘ஹெல்பேஜ் இந்தியா’ அமைப்பு தாமரைக்குளம் என்னும் முதியோர் சிற்றூரை உருவாக்கியது. உறவையும் உடைமையையும் இழந்த எளிய மக்களும் மதிப்போடு கூடி வாழ இயலும் என்பதற்கு அது சான்று. நல்ல முதியோர் வாழிடம் என்பது வாங்கும் ஆற்றல் உடையோரின் சலுகையாக நின்றுவிடாமல், குடிமக்கள் அனைவரின் உரிமையாக மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தெரியுமா?

ஐக்கிய நாடுகள் அவை 1990இல் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 1991 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாள் உலக முதியோர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உதவி நாடும் மூத்த குடிமக்களும், அவர்கள் துன்புறுவதைக் காண்போரும் 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

முடிவு செய்பவர் யார்?

எந்த வாழிடம் சிறந்தது என்னும் கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. பழகிய தெருவும் தெரிந்த பூக்காரரும் இல்லாமல் வாழ இயலாது என்பவரை இடம் மாற்றுவது கொடுமை. மாறிச் செல்ல விரும்புபவரை ‘ஊர் என்ன சொல்லும்’ என்று தடுப்பதும் கொடுமையே. ஆகவே, முதலில் கேட்கப்பட வேண்டியது முதியவரின் விருப்பம். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. பிள்ளைகள் கூடிப் பேசுவர், முடிவு செய்வர், இறுதியில் பெரியவர்க்குத் தெரிவிப்பர். நேற்றுவரை குடும்பத்தை வழிநடத்தியவரை இன்று பொருளைப் போல இடம் மாற்றும் அந்நொடியில்தான் அவர் உண்மையில் கைவிடப்படுகிறார். அது மகன் வீட்டுக்கு மாற்றுவதாயினும் குடியிருப்புக்கு மாற்றுவதாயினும் ஒன்றே.

விருப்பம் அறிந்து இடம் தேர்ந்த பின்னரும் பிள்ளைகளின் கடமை முடிவதில்லை. மாதந்தோறும் வங்கிக் கணக்கில் சேரும் தொகை உணவைத் தரும், மருந்தைத் தரும். பேச்சைத் தாராது. மருத்துவரிடம் உடன் செல்லுதல், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அழைத்து வருதல், குடும்பச் செய்திகளைப் பகிர்தல், குடும்ப முடிவுகளில் கருத்துக் கேட்டல் ஆகியவை எவ்விடத்தில் வாழும் பெற்றோர்க்கும் உரியவை.

பிசிராந்தையார் கூறிய நான்கும் இன்றும் மாறவில்லை. மாண்புடைய குடும்பம், குறிப்பறிந்து உதவும் பணியாளர், காக்கும் அரசு, சான்றோர் வாழும் ஊர் ஆகிய நான்கும் கூடிய இடமே முதுமைக்கு ஏற்ற இடம். அது பிறந்த வீடாகவும் இருக்கலாம். புதிய குடியிருப்பாகவும் இருக்கலாம். நான்கில் ஒன்று குறைந்தாலும் அதனை நிறைவு செய்யும் பொறுப்பு நம்முடையது. இன்று பதினாறு வயதில் இப்பாடத்தைப் படிக்கும் நீங்கள், இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் வீட்டில் இம்முடிவை எடுக்கும் இடத்தில் இருப்பீர்கள். அதன் பின்னர் ஒரு காலத்தில், உங்களைப் பற்றிப் பிறர் முடிவு செய்யும் இடத்தில் இருப்பீர்கள். ‘உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம்?’ என்று கேட்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். அக்கேள்வி ஒருநாள் உங்களையும் வந்தடையும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ வாழும் முதியவர் ஒருவரிடம் உரையாடி, அவர் விரும்பும் வாழிடம் எத்தகையது என்பதை அறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘முதுமையில் வாழ ஏற்ற இடம் பிள்ளைகளின் வீடே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளி, பேருந்து நிறுத்தம், நூலகம் ஆகியவற்றை முதியோர் எளிதில் பயன்படுத்த இயலுமா என ஆராய்ந்து, தேவையான மாற்றங்களைக் குறிப்பிட்டு உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.